சம்பளச் சீட்டில் ஒரு ‘எஸ்’

வாசகர் கடிதம் (சுருக்கி): “அண்ணா, நாங்கள் கிளாஸ்கோ பக்கம் குடியிருக்கிறோம், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு ஐடி வேலை, வருஷச் சம்பளம் 50,000 பவுண்ட், ஸ்கில்ட் வொர்க்கர் விசா. அதே கம்பெனியில் அதே சம்பளத்துக்கு மான்செஸ்டரில் இருக்கும் அவருடைய நண்பர் மாதம் 127 பவுண்ட் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார். நான் இங்கே ஒரு கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்), வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் பிரிவில், ஒப்பந்த அடிப்படையில் இரண்டேகால் வருஷமாக இருக்கிறேன். 2026 மார்ச் 31-ல் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று கேட்டால் மேனேஜர் ‘பட்ஜெட் வரட்டும்’ என்கிறார். மகளுக்கு மூன்று வயது. இங்கே வரியும் கூட, வேலையும் உறுதியில்லை என்றால் மான்செஸ்டருக்கே போய்விடலாமா? இவ்வளவு வரி வாங்கியும் இந்த அரசாங்கத்துக்கு ஏன் காசு பத்தவில்லை?”

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதிக்குப் பயப்பட வேண்டியதுதான், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊரில் இருபது வருஷமாகப் பொதுத்துறைக் கணக்குப் பார்க்கிறவன், ஆறுதல் சொல்வதில் கொஞ்சம் கஞ்சன்.

முதலில் நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டு. வலது மூலையில் எஸ்1257எல் என்று இருக்கிறதே, அந்த ‘எஸ்’தான் ஸ்காட்லாந்து. 1257 என்பது வரியில்லாத முதல் 12,570 பவுண்ட், அது பிரிட்டன் முழுக்க ஒன்றுதான். அதற்கு மேலே போகும் சம்பளத்தை எந்தக் கத்தியால் வெட்டுவது என்பதை ‘எஸ்’ சொல்கிறது. கம்பெனி லண்டனில் இருந்தாலும், உங்கள் வீட்டுக்காரர் சமையலறை மேசையில் உட்கார்ந்து லண்டனுக்காக வேலை பார்த்தாலும், குடியிருப்பது இங்கே என்றால் ‘எஸ்’ போடுவார்கள். வேல்ஸில் இருப்பவர்களுக்கு ‘சி’ போடுகிறார்கள். 2019-லிருந்து அவர்களுக்கும் இந்த அதிகாரம் உண்டு, ஆனால் விகிதத்தை இதுவரை இங்கிலாந்திலிருந்து அசைக்கவே இல்லை. ஸ்காட்லாந்து அசைத்துவிட்டது, நன்றாகவே.

2025-26 கணக்கில் இங்கே ஆறு படிகள்: 19, 20, 21, 42, 45, 48 சதவீதம். உங்களைக் கடிப்பது நான்காவது படி. இங்கிலாந்தில் 50,270 பவுண்ட் வரை 20 சதவீதம்தான், அதன் பிறகு 40. இங்கே 43,662-ஐத் தாண்டிய உடனே 42. உங்கள் கணவருக்கு மொத்தம் 9,013 பவுண்ட் சொச்சம் வருமான வரி, மான்செஸ்டர் நண்பருக்கு 7,486. வித்தியாசம் வருஷத்துக்கு 1,528, பன்னிரண்டால் வகுத்தால் 127. நண்பர் பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கு சரிதான்.

ஆனால் அதே 2025-26 கணக்கில், இதே ஸ்காட்லாந்தில் 28,000 பவுண்ட் வாங்குகிறவர் இங்கிலாந்துக்காரரைவிட 23 பவுண்ட் குறைவாகக் கட்டுகிறார். 30,318 பவுண்ட் வரை இப்படித்தான். உங்கள் சம்பளமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் உங்கள் சீட்டில் உள்ள ‘எஸ்’ உங்களுக்கு நஷ்டமில்லை. வருஷத்துக்கு 23 பவுண்டில் என்ன வாங்க முடியும் என்று கேட்காதீர்கள், இரண்டு மூட்டை பொன்னி அரிசி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த 1,528 பவுண்ட் எங்கே போகிறது? ஹோலிரூட் (எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து பாராளுமன்றம்) பெட்டிக்குள் போய் விழுந்து உங்கள் கவுன்சிலுக்கு வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

1999-ல் எடின்பரோவில் பாராளுமன்றம் திறந்தபோது ஸ்காட்லாந்து அரசுக்குச் செலவு செய்யும் அதிகாரம்தான் பெரிதாக இருந்தது, சம்பாதிக்கும் அதிகாரம் பேருக்குத்தான். பணம் லண்டன் கருவூலத்திலிருந்து மொத்த மானியமாக வரும். அந்த மானியம் வருஷா வருஷம் எவ்வளவு கூடும், குறையும் என்பதைத் தீர்மானிப்பது பார்னெட் சூத்திரம், 1970-களின் கடைசியில் கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் பெயரில். சூத்திரம் ஒன்றும் பிரமாதமில்லை. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ 100 பவுண்ட் கூட்டினால், மக்கள்தொகைக் கணக்குப்படி ஸ்காட்லாந்துக்குச் சுமார் ஒன்பதரை பவுண்ட் வரும். குறைத்தால் அதே ஒன்பதரை போகும். இங்கே தேவை என்ன என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சூத்திரத்தில் வேடிக்கைகளும் உண்டு: எச்எஸ்2 அதிவேக ரயில் ஓர் அடிகூட வேல்ஸுக்குள் ஓடப்போவதில்லை, ஆனாலும் அதை ‘இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் திட்டம்’ என்று எழுதிவைத்ததால் வேல்ஸுக்குப் பங்கு கிடையாது, ஸ்காட்லாந்துக்கு உண்டு.

2014-ல் தனிநாடு வாக்கெடுப்பு நடந்து 55-க்கு 45 என்று தோற்ற பிறகு, சமாதானமாகக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். 2016 சட்டப்படி சம்பளத்தின் மீதான வருமான வரி விகிதங்களையும் படிகளையும் ஸ்காட்லாந்தே வைத்துக்கொள்ளலாம், வரும் பணமும் ஸ்காட்லாந்துக்கே. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதே கையோடு மானியத்தில் ஒரு கழிவும் வைத்தார்கள்.

கூட்டுக்குடும்பத்தில் தம்பிக்கு அண்ணன் மாதப்படி தருகிறார் என்று வையுங்கள். ஒருநாள் அண்ணன் சொல்கிறார்: “கடைத்தெருவில் இருக்கும் அந்த ஒரு கடையின் வாடகையை இனி நீயே வாங்கிக்கொள். ஆனால் அந்த வாடகைக்குச் சமமான தொகையை உன் படியில் பிடித்துக்கொள்வேன். பிடிக்கும் தொகை உன் கடை வாடகை எவ்வளவு ஏறியது என்பதைப் பார்த்து ஏறாது, என் மற்ற கடைகளின் வாடகை எப்படி ஏறுகிறதோ அப்படி ஏறும்.” தம்பி கடை வாடகை பத்து சதவீதம் ஏறி, அண்ணன் கடைகளுடையதும் பத்து ஏறினால் தம்பிக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அண்ணனுடையது பதினைந்து ஏறினால், தம்பி முன்னைவிட அதிகம் வசூலித்தும் கையில் குறைவாக நிற்பான். ஸ்காட்லாந்தின் நிலைமை இதுதான். தலைக்கு எவ்வளவு வரி என்பதில் மற்றப் பகுதிகள் என்ன வேகத்தில் ஓடுகின்றனவோ அதே வேகத்தில் ஓடினால்தான் நின்ற இடத்தில் நிற்கவே முடியும். அந்த மற்றப் பகுதிகளில் லண்டனும் இருக்கிறது, லண்டன் வங்கிக்காரர்களின் போனஸும் இருக்கிறது.

இந்த ஓட்டம் தொடங்கிய நேரமும் சரியில்லை. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்து அபெர்தீனில் பெரிய சம்பளக்காரர்கள் மளமளவென்று குறைந்தார்கள். எண்ணெயிலிருந்து வரும் வரி நேராக லண்டனுக்குப் போகிறது, அது ஸ்காட்லாந்து பட்ஜெட்டில் சேராது. ஆனால் எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியரின் சம்பள வரி ஸ்காட்லாந்தின் கணக்கு. ஆக, எண்ணெய் ஓடும்போது பெரிய லாபம் அங்கே, வேலை போகும்போது வரி இழப்பு இங்கே. கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு நிலையம், 1924-லிருந்து ஓடியது, 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்தியது. 400-க்கு மேல் நல்ல சம்பள வேலைகள். மூடாமல் காப்பாற்றும் அளவுக்கு ஸ்காட்லாந்து அரசிடம் பணமும் கிடையாது, வேண்டியபடி கடன் வாங்கவும் விடமாட்டார்கள். போன சம்பளங்களின் வரி மட்டும் அதன் கணக்கில் குறையும்.

கம்பெனி வரி, என்ஐ (தேசியக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் பிடிப்பது), விஸ்கிக்கான கலால், எல்லாம் லண்டன் கணக்குதான். எடின்பரோவில் ஒரு கம்பெனி ஓஹோவென்று லாபம் பார்த்தால் ஹோலிரூட்டுக்குக் கிடைப்பது அங்கே வேலை பார்ப்பவர்களின் சம்பள வரி மட்டும். அதிலும் ஒரு ஓட்டை: டிவிடெண்டுக்கும் வட்டிக்கும் பிரிட்டன் விகிதம்தான். சொந்தமாகக் கம்பெனி வைத்துக் கொஞ்சம் சம்பளம், மீதி டிவிடெண்ட் என்று எடுக்கும் ஐடி கான்ட்ராக்டர்கள் அந்த 42 சதவீதத்தைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் போல மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான் தப்ப முடியாமல் மாட்டுகிறார்.

எண்ணிக்கையாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2025-26-க்கு ஸ்காட்லாந்து பட்ஜெட் கிட்டத்தட்ட 6,400 கோடி பவுண்ட். அதில் வருமான வரி வசூல் சுமார் 2,050 கோடி என்று ஸ்காட்டிஷ் ஃபிஸ்கல் கமிஷன் 2024 டிசம்பரில் கணித்தது. அதற்காக மானியத்தில் கழிப்பது சுமார் 1,960 கோடி. சில்லறையோடு துல்லியமாகப் பார்த்தால் மிஞ்சுவது 84 கோடி. ஸ்காட்லாந்தின் சம்பளமும் வேலைவாய்ப்பும் மற்றப் பகுதிகளோடு தோளோடு தோள் வளர்ந்திருந்தால் இதைப்போல இரண்டு மடங்கு கையில் இருந்திருக்கும். உங்கள் கணவரிடம் கூடுதலாக வாங்கிய 1,528 பவுண்டில் பாதி அளவுதான் புதுச் செலவுக்கு உதவுகிறது, மறுபாதி ஓட்டத்தில் பின்தங்கியதற்கான அபராதம் என்று கொள்ளலாம். இவ்வளவு வரி வாங்கியும் ஏன் பத்தவில்லை என்று கேட்டீர்களே, பெரிய காரணம் இதுதான்.

ஒரே காரணம் என்று சொன்னால் நான் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். மறுபக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தில் தலைக்குச் செலவாகும் அரசுப் பணம் இங்கிலாந்தைவிட அதிகம். 2023-24-ல் இங்கே செலவானதற்கும், எண்ணெய்ப் பங்கு உட்பட இங்கிருந்து கிடைத்ததற்கும் நடுவே 2,270 கோடி பவுண்ட் இடைவெளி என்று ஸ்காட்லாந்து அரசின் கணக்கே சொல்கிறது. நம் ஊரில் மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்தானா என்று 15-வது நிதிக்குழுவை வைத்து நாம் கொந்தளித்தோமே, அந்த மனநிலையோடு இதைப் பார்த்தால் குழம்பிவிடுவீர்கள். அங்கே கொடுப்பது அதிகம், வருவது குறைவு என்பது வாதம். இங்கே இந்தக் கணக்கு நேர் எதிர்ப் பக்கம் நிற்கிறது. அந்தப் பெரிய பள்ளத்தை லண்டன்தான் நிரப்புகிறது. உங்கள் மேனேஜர் முணுமுணுக்கும் பள்ளம் அதுவல்ல, இது வேறு.

அந்தச் சின்னப் பள்ளம் எப்படி வருகிறது என்றால், ஸ்காட்லாந்து அரசு அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கக்கூடாது. கணிப்பு தப்பினால் அதைச் சரிக்கட்ட மட்டும் ஓர் அளவு வரை வாங்கலாம். அதனால் வருஷ நடுவில் சம்பள ஒப்பந்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டால், அந்த வருஷத்துக்குள்ளேயே வேறெங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் ஷோனா ராபிசன் 50 கோடி பவுண்ட் வரை மிச்சம் பிடிப்பதாக அறிவித்தார். கடல் காற்றாலைக் குத்தகையில் வந்த ஸ்காட்விண்ட் பணத்திலிருந்து 46 கோடி வரை எடுக்கவும் தயாரானார். அந்த மாதக் கடைசியில் ரயிலில் உச்சநேரக் கட்டணம் திரும்பி வந்தது, கிளாஸ்கோ-எடின்பரோ போய்வர 16 பவுண்ட் சொச்சமாக இருந்தது 31 சொச்சமானது. 2025 செப்டம்பரில் மறுபடி எடுத்துவிட்டார்கள். உங்கள் கணவர் எடின்பரோவுக்குப் போய்வருகிறவராக இருந்தால் அந்த ஒரு வருஷம் பட்ஜெட் பள்ளத்தை அவர் தினமும் டிக்கெட் எந்திரத்தில் பார்த்திருப்பார்.

அலுவலகத்துக்குள்ளே இது எப்படி வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் நான் இருந்தபோது, செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டத்துக்கு வழக்கமாக வரும் பிஸ்கட் தட்டு வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பயிற்சி வகுப்புகள் நின்றன. அதற்கடுத்த வாரம், வேலையை விட்டுப் போனவர்களின் நாற்காலிகளை நிரப்ப வேண்டாம் என்று மின்னஞ்சல் வந்தது. ஒருவரைக்கூட வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் டிசம்பருக்குள் பதினோரு நாற்காலிகள் காலி, ஒப்பந்தக்காரர்கள் ஆறு பேர் ‘நன்றி’ அட்டையும் கேக்கும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டு என்பது இங்கே கத்தியோடு வராது. பெயரெழுதாத நாற்காலியாக வரும்.

இனிமேலும் அப்படித்தான். 2025 ஜூனில் வெளியிட்ட திட்டத்தில், தன் கீழுள்ள பொதுத்துறை ஊழியர் எண்ணிக்கையை 2029-30 வரை வருஷத்துக்கு 0.5 சதவீதம் குறைப்பதாக ஸ்காட்லாந்து அரசு எழுதிவைத்திருக்கிறது. இங்கே வேலையில் இருப்பவர்களில் சுமார் 22 சதவீதம் பேர் பொதுத்துறை, அன்றாடச் செலவுப் பணத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. வேறெங்கே கை வைப்பார்கள்? ஆஸ்பத்திரி நர்ஸைக் குறைக்க முடியாது, குறைத்தால் தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். ஆலோசனை, வழிகாட்டல், திட்டமிடல் என்று பெயர் வைத்திருக்கும் பிரிவுகளில்தான் கை போகும். உங்கள் பிரிவு அதில் ஒன்று. 2022-ல் ஜான் ஸ்வின்னி நிதிப்பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவசரமாக மிச்சம் பிடித்த இடங்களில் ஒன்று வேலைவாய்ப்பு உதவித் திட்டங்கள்தான், 5.3 கோடி பவுண்ட். ஊருக்கெல்லாம் வேலை தேடித் தரும் பிரிவுக்கு இப்படி ஒரு ஜாதகம்.

இப்போது உங்கள் ஒப்பந்தம். மார்ச் 31 என்ற தேதியைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். வேலைவாய்ப்பு உதவிப் பிரிவுகளுக்கு இரண்டு தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது. ஒன்று ஸ்காட்லாந்து அரசின் ‘நோ ஒன் லெஃப்ட் பிஹைண்ட்’ நிதி. இன்னொன்று ஐரோப்பிய நிதிக்குப் பதிலாக லண்டன் 2022-ல் தொடங்கி, ஹோலிரூட்டைச் சுற்றிக்கொண்டு நேராகக் கவுன்சிலுக்குக் கொடுக்கும் ஷேர்ட் ப்ராஸ்பெரிட்டி ஃபண்ட். அதை 2025 மார்ச்சில் முடிய வேண்டியதை ஒரு வருஷம் நீட்டி 2026 மார்ச் வரை என்றார்கள். உங்கள் சம்பளம் இந்த இரண்டாவது தொட்டியிலிருந்து வருகிறது என்றால், எடின்பரோவில் என்ன பட்ஜெட் போட்டாலும் அந்த நிதி முடிகிறது. பதிலுக்கு வேறு நிதி வந்தாலும் அதே அளவில், அதே வேலைக்கு வரும் என்று எந்தக் கவுன்சிலும் எழுதித் தராது. ஆகவே மேனேஜரிடம் “நீட்டிப்பார்களா?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவரிடம் பதில் இல்லை, பாவம். “என் பதவிக்கு எந்த நிதியிலிருந்து சம்பளம் வருகிறது?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் அவருடைய கணினியில் ஒரு குறியீட்டு எண்ணாகவே இருக்கும், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

முதல் தொட்டி என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து பட்ஜெட் 2026 ஜனவரி 13-ல். கவுன்சில்கள் கவுன்சில் வரியைச் சட்டப்படி மார்ச் 11-க்குள் முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியில் செய்வார்கள். ஆக, உங்கள் மேனேஜருக்கே உறுதியாகத் தெரியும்போது உங்கள் கையில் ஒரு மாதம் இருந்தால் அதிகம்.

கிளாஸ்கோ பக்கத்துக் கவுன்சில் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் செய்தித்தாளில் அதிகம் பேசுவதில்லை. மேற்கு ஸ்காட்லாந்துக் கவுன்சில்களின் ஊழியர் பென்ஷனைப் பார்த்துக்கொள்வது ஸ்ட்ராத்கிளைட் பென்ஷன் ஃபண்ட். அதில் பணம் ததும்பியதால், கவுன்சில்கள் கட்டவேண்டிய பங்கை 2024-25, 2025-26 இரண்டு வருஷத்துக்கும் 19.3 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைத்தார்கள். இரண்டு வருஷம் கவுன்சில்கள் மூச்சு விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 2026 ஏப்ரலில் அது 17.5-க்கு ஏறுகிறது. கவுன்சில் வரியையும் 2024-25-ல் உறைய வைத்துவிட்டு, 2025-26-ல் கிளாஸ்கோ 7.5, ஃபால்கிர்க் 15.6 சதவீதம் என்று ஏற்றினார்கள். அந்த வரி இன்னும் 1991-ன் வீட்டு மதிப்பை வைத்துத்தான் போடுகிறார்கள், அதைத் தொட எந்தக் கட்சிக்கும் தைரியம் வந்ததில்லை. ஆக, இந்த ஏப்ரல் கவுன்சில்களுக்குச் சுலபமான ஏப்ரல் இல்லை. என் கணிப்பைக் கேட்டால், நீட்டிப்பு வந்தால் ஆறு மாதம் வரும், நிரந்தரம் வராது.

உங்கள் உரிமை என்ன என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிதி முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அது சட்டப்படி பணிநீக்கம்தான், இரண்டு வருஷம் தாண்டியதால் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை உங்களுக்கு உண்டு. வயது 41-க்குள் என்றால் முழு வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம், ஆக இரண்டு வாரம். பெரிய தொகை இல்லை, அதற்காக விட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், ‘ஆட்குறைப்பு அபாயத்தில்’ என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் பெரும்பாலான கவுன்சில்களில் மாற்றுப்பணிப் பட்டியலில் சேர்ப்பார்கள், உள்ளே காலியாகும் இடங்கள் வெளியே விளம்பரம் ஆவதற்கு முன்னே உங்களுக்குத் தெரியும். கேட்டால்தான் சேர்ப்பார்கள். நான்கு வருஷம் தொடர்ந்து ஒப்பந்தத்தில் இருந்தால் தக்க காரணம் காட்டாதவரை நிரந்தர ஊழியர் என்ற விதி இருக்கிறது, உங்களுக்கு அதுவரை இன்னும் தூரம். இரண்டு வருஷம் தாண்டியதால் பென்ஷன் நிதியில் உங்கள் பெயரில் உள்ளதும் உங்களுடையதே.

மான்செஸ்டருக்கு வருவோம். 127 பவுண்டுக்காகப் போகாதீர்கள், அதை வேறு வழியில் பெருமளவு மீட்கலாம். உங்கள் கணவருக்கு 43,662-க்கு மேலே இருக்கும் 6,338 பவுண்டுக்கு 42 சதவீதம் வருமான வரி, 8 சதவீதம் என்ஐ, ஆக ஒரு பவுண்டில் பாதி போய்விடுகிறது. அந்தத் தொகையைக் கம்பெனியின் சேலரி சாக்ரிஃபைஸ் (சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் வாங்காமல் நேராகப் பென்ஷனுக்கு விடும் ஏற்பாடு) வழியாகப் பென்ஷனில் போட்டால், பென்ஷனில் 6,338 சேரும், கையில் குறைவது 3,169 மட்டும். 2029 ஏப்ரலிலிருந்து இதில் 2,000 பவுண்டுக்கு மேல் என்ஐ சலுகை போகிறது என்று அறிவித்துவிட்டார்கள், அதுவரை ஓடும். ஒரே ஒரு ஜாக்கிரதை: இப்படிச் செய்தால் காகிதத்தில் சம்பளம் குறையும். விசாவுக்கான சம்பள வரம்பில் அது எப்படிப் படும் என்று கம்பெனியின் விசா பிரிவில் எழுத்தில் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வேலையே போனால் வரி மிச்சம் பிடித்து என்ன செய்வது?

அப்புறம் உங்கள் மகள். இதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஸ்காட்லாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு 1,140 மணிநேரம் இலவச நர்சரி, பெற்றோரின் விசாவைக் கேட்பதில்லை. இங்கிலாந்தில் வேலைபார்க்கும் பெற்றோருக்கும் அதே அளவு கொடுக்கிறார்கள்தான், ஆனால் அதற்குத் தாய் தந்தையில் ஒருவருக்காவது பொதுநிதி (அரசின் உதவித்தொகைகள்) பெறும் உரிமை இருக்கவேண்டும். உங்கள் இருவர் விசாவிலும் ‘பொதுநிதி கிடையாது’ என்று இருக்கும். ஆக, மான்செஸ்டரில் உங்களுக்குக் கிடைப்பது எல்லோருக்குமான 570 மணிநேரம் மட்டும். மீதி 570 மணியை, நர்சரி மணிக்கு 6 பவுண்ட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 3,420 பவுண்ட் கைக்காசு. 1,528-ஐ மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் விடுவீர்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட், இங்கே 2011-லிருந்து இல்லை, அது சில்லறை. ஸ்காட்டிஷ் சைல்ட் பேமெண்ட் (குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை) என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள், அது பொதுநிதி, உங்கள் விசா நிபந்தனையில் மாட்டும்.

மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு இந்தக் கணக்கு மாறும், அப்போது மறுபடி எழுதுங்கள். அதற்குள் உங்களுக்கு மான்செஸ்டரில் ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் அதுவும் வேறு கதை, ஒரு வீட்டில் இரண்டாவது சம்பளம் நிலையாக வருவது எந்த வரி வித்தியாசத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் இங்கே காத்திருக்கும்போதே அங்கேயும் விண்ணப்பம் போடுங்கள். பொதுத்துறை வேண்டும் என்றால் பட்ஜெட் வெட்டு அதிகம் படாத இடங்களைப் பாருங்கள். என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) நிர்வாகப் பணி, ஸ்காட்லாந்தில் தண்ணீர் போல மக்கள் கட்டணத்தில் ஓடும் நிறுவனங்கள், கவுன்சிலிலேயே கட்டட அனுமதி போலத் தன் கட்டணத்தைத் தானே வசூலிக்கும் பிரிவுகள். உங்கள் இரண்டேகால் வருஷ அனுபவம், விண்ணப்பம் எழுதச் சொல்லித்தரும் அனுபவம் அல்லவா, அதை உங்களுக்கே ஒருமுறை பயன்படுத்துங்கள்.

இந்த வாரத்துக்குள் மேனேஜரிடம் அந்த நிதிக் குறியீட்டை வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும், நீட்டித்த கடிதங்கள் இருந்தால் அவற்றையும், பெயர், என்ஐ எண் மறைத்துப் படம் எடுத்து அனுப்பினால், எந்தத் தொட்டி என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். அடுத்த தடவை சம்பளச் சீட்டு அனுப்பும்போது வங்கிக் கணக்கு எண்ணையும் மறைத்துவிடுங்கள், போன தடவை முழுசாகத் தெரிந்தது.